இடக்கை நத்தைகள்

கண்ணாடிக்காரருக்கு உலகத்தில் பிடிக்காத சொல் ஒன்று உண்டென்றால் அது 'எதுக்கு' என்பதுதான். கடைக்கு ஃபிரேம் நிமிர்த்த வருகிறவர்கள் வாயை மூடிக்கொண்டு உட்கார மாட்டார்கள். "வீட்டுல அவங்க வேலைக்குப் போறாங்களா?" என்று ஆரம்பிப்பார்கள். "ஆராய்ச்சிக்கூடத்துல" என்று இவர் ஃபிரேமைச் சூடாக்கும் மணல் சட்டியை விட்டுக் கண்ணெடுக்காமல் சொல்லுவார். "அடேயப்பா, என்ன ஆராய்ச்சி?" "நத்தை." அப்புறம் வந்துவிடும் அது. "நத்தையா? எதுக்கு?"

பக்கத்துக் கடையில் ஒருத்தர் பிளாஸ்டிக் பூ விற்கிறார். வாடாது, மணக்காது, தூசிதான் சேரும். அவரிடம் யாராவது எதுக்கு என்று கேட்டிருப்பார்களா? எதிர்வரிசை மாடியில் சீட்டாடுவதற்கென்றே ஒரு கிளப் நடக்கிறது. அங்கே போய்க் கேட்கட்டுமே பார்ப்போம். நத்தையம்மா ஒருத்திதான் ஊருக்கெல்லாம் பதில் சொல்லக் கடமைப்பட்டவளாகப் போனாள். நத்தையம்மா என்பது இவர் மனைவிக்குத் தெரு வைத்த பெயர். அந்தப் பெயரில் கண்ணாடிக்காரருக்கு வருத்தம் இல்லை. கேட்கிறவர்களின் வாயை அடைக்கத் தெரியவில்லையே என்பதுதான் வருத்தம். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவள் எத்தனையோ தடவை விளக்கியிருக்கிறாள். வீட்டில் கேட்கும்போது எல்லாம் புரிகிறது, கடையைத் திறந்தால் காணாமல் போய்விடுகிறது.

விஷயம் ஒன்றும் பெரிய கம்பசூத்திரம் இல்லை. நத்தை ஓடு சுருண்டிருக்கிறதல்லவா, அந்த ஊர்ச் சுவர்களில் ஊர்கிற நத்தைக்கெல்லாம் அது வலப்பக்கமாகத்தான் சுருளும். எப்போதோ, அத்தி பூத்தாற்போல, ஒன்று மட்டும் இடப்பக்கமாகச் சுருண்டு பிறந்துவிடும். அது மற்றவற்றோடு சேரவும் முடியாது. உடம்பே எதிர்ப்பக்கமாக அமைந்துவிடுவதால் ஒன்றுக்கொன்று பொருந்தாது, இன்னொரு இடப்பக்க நத்தை கிடைத்தால்தான் உண்டு. நத்தையம்மா மழைக்காலமெல்லாம் மதில் மதிலாகத் தடவி ஒன்றைக் கண்டுபிடித்தாள். அதற்குச் சோடி தேடி இன்னும் சில மழைக்காலம் அலைந்தாள். கடைசியில் ஒரு வம்சத்தையே உண்டாக்கிவிட்டாள். ஏன் இதுகள் மட்டும் இடப்பக்கம் திரும்புகின்றன, உள்ளே எது திருப்புகிறது என்பதுதான் அவள் கேள்வி. ஒரு தலைமுறை முட்டையிலிருந்து முட்டைக்கு வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். அவசரப்பட்டு ஆகிற காரியம் இல்லை.

கண்ணாடிக்காரரின் அப்பா பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மருமகள் வந்த புதிதில், "நத்தையைப் பாத்துக்கிட்டு உக்காரவா இந்தப் பொண்ணு இவ்வளவு படிச்சுது?" என்று சொன்னவர்தான். போகப் போக அவரே அந்த வேலையில் பாதி ஆள் ஆகிவிட்டார். நத்தைக்கு ஓடு கெட்டிப்பட முட்டை ஓட்டைப் பொடித்துப் போட வேண்டும். ஓட்டுக்காக வீட்டில் தினமும் முட்டை. கொழுப்பைக் குறைக்கச் சொன்ன டாக்டரிடம் பெரியவர், "நான் என்ன ஆசைக்கா சாப்பிடறேன்? ஆராய்ச்சிக்காக உயிரைக் குடுத்துக்கிட்டிருக்கேன்" என்றாராம். இடப்பக்க நத்தைகளுக்கு இடக்கைக்காரங்க என்று பெயர் வைத்தவரும் அவர்தான். "இடக்கைக்காரங்க சாப்பிட்டாங்களாம்மா?" என்று மருமகளைக் கேட்டுவிட்டுத்தான் தன் தட்டில் கை வைப்பார்.

லீவு நாளில் மூன்று பேரும் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போவார்கள். காய்கறிக்கடைக்காரம்மா கழித்து வைத்திருக்கும் கோஸின் மேல் இலைகள் ஒரு பை நிறைய இருக்கும். "உங்க வீட்டு மாட்டுக்கு" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே கொடுப்பாள். பின்கட்டில் ஓர் அறை, எந்நேரமும் ஏசி ஓடிக் குளுகுளுவென்று இருக்கும். வெயில் அந்த நத்தைகளுக்கு ஆகாது. சுவரோரம் அடுக்கடுக்காகப் பெட்டிகள். மூடியைத் திறந்தால் மழை மண்ணும் வாடிய கோஸும் கலந்து ஒரு வாடை அடிக்கும். பெரியவர் பழைய மண்ணை வாரிப் புது மண்ணை நிரப்புவார். கண்ணாடிக்காரர் பெட்டிச் சுவரைத் துடைத்துத் தண்ணீர் தெளிப்பார். நத்தையம்மா ஒவ்வொன்றாக எடுத்து, உள்ளங்கையில் வைத்து, லென்ஸால் பார்த்துவிட்டு வைப்பாள். அங்கே ஒரு சட்டம் உண்டு. புதிதாக எதைச் செய்தாலும் ஒரு பெட்டிக்குச் செய்துவிட்டுப் பக்கத்துப் பெட்டியைச் செய்யாமல் விட வேண்டும். "சோடிக்கு ஒண்ணு வச்சுப் பாக்கலேன்னா, நமக்கு எது வேணுமோ அதுதான் கண்ணுக்குத் தெரியும்" என்பாள். மண் வாருகிற அப்பாவுக்கும் பிள்ளைக்கும் இது மனப்பாடம்.

அந்த வருஷம் ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு குழு போட்டார்கள். எந்தப் பிரிவால் ஜனங்களுக்குப் பயன், எதனால் இல்லை என்று பார்த்து, பயனில்லாததை இழுத்து மூடிவிடுவது. தலைவர் வெளியாள், தண்ணீர் பம்பு செய்கிற தொழிற்சாலை நடத்திப் பேர் வாங்கியவர். கெட்டவர் என்று சொல்ல ஒரு வழியும் இல்லை. தொழிலாளிகளோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவர், சொன்ன சொல் தவறாதவர். கண்ணாடிக்காரருக்குப் பழைய வாடிக்கை வேறு. அங்கேதான் வந்தது வினை.

ஒருநாள் மத்தியானம் பம்புக்காரர் வளைந்த ஃபிரேமோடு வந்தார்.

"உக்காந்துட்டேங்க. காரு சீட்டுல வச்சத மறந்து மேலயே உக்காந்துட்டேன்."

"பரவால்லீங்க சார், ஒடையல. சூடு காட்டினா வழிக்கு வந்துடும்."

கண்ணாடிக்காரர் லென்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, ஃபிரேமைச் சூடான மணலுக்குள் புதைத்தார். பம்புக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"உங்க வீட்டம்மாவ நேத்துப் பாத்தேன். நல்லாப் பேசறாங்க. ஆனா கேட்டதுக்கு மட்டும் பதில் இல்ல."

"என்ன கேட்டீங்க சார்?"

"இதால யாருக்கு என்ன கெடைக்கும்னு கேட்டேன். தெரியாதுங்கறாங்க. ஒண்ணுமே கெடைக்காமலும் போகலாம்ங்கறாங்க. தன் கடையப் பத்தி யாராவது இப்படிச் சொல்லுவாங்களா? மத்தவன் எல்லாம் கேன்சர்லருந்து வழுக்கை வரைக்கும் சரி பண்ணிடறேங்கறான்."

"அவளுக்குப் பொய் வராதுங்க சார்."

"நல்லதுதான். அதுக்கு நான் என்ன பண்ண? நான் பம்பு பண்றவன். சுவிட்சப் போட்டா தண்ணி வரணும். வரலேன்னா எவ்வளவு அழகான பம்பா இருந்தாலும் பழைய இரும்புதான். எங்க ஃபேக்டரிக்குப் பின்னால பெரியாஸ்பத்திரி. ஒரே கட்டில்ல ரெண்டு பேரு படுத்திருக்கான். மின்விசிறி சுத்தல. அதப் பாத்துட்டு நேரா வந்து, நத்தைக்கு ஏசி ஓடுது, ஓடட்டும்னு நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்? நீங்களே சொல்லுங்க."

கண்ணாடிக்காரர் மணலைக் கரண்டியால் கிளறினார். அவருடைய அம்மா அந்த ஆஸ்பத்திரித் தரையில் கிடந்துதான் போய்ச் சேர்ந்தாள். மருமகள் தலைமாட்டில் உட்கார்ந்து அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். இந்த மனிதர் கேட்பதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த அறை போனால் இடக்கைக்காரங்களும் போவார்கள். அதோடு அவளும் போனமாதிரிதான். மணலிலிருந்து ஃபிரேமை எடுக்கும்போது எப்போதும்போல விரலில் சுட்டது. அந்தச் சூட்டிலேயே வாய் முந்திக்கொண்டது.

"சார், ஒண்ணு சொல்லலாமா? அவ இதச் சொல்ல மாட்டா. அந்த நத்தைக் கொழகொழப்பு இருக்கே, தீப்புண்ணுக்குக் கண்கண்ட மருந்து."

"அப்படியா?"

"நமக்கு நாள் பூரா சூட்டுலதான வேலை. போன வருஷம் இந்த மணலு அப்படியே கையில கொட்டிருச்சு. அவதான் தடவினா. தழும்புகூட இல்ல, பாருங்க."

இடது முன்கையை நீட்டிக் காட்டினார். தழும்பு இல்லைதான். மணல் கொட்டியிருந்தால்தானே தழும்பு இருக்கும்.

பம்புக்காரர் கண்ணாடி இல்லாத கண்ணை இடுக்கிக்கொண்டு அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் கண்ணாடிக்காரர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"இத ஏங்க அவங்க எழுதல? இது ஒண்ணு போதுமே. அடுத்த வாரம் குழுவோட நேர்ல வர்றோம். நீங்களும் வந்துடுங்க, கையக் காட்டுங்க. ரூமு இருக்கட்டும்னு நானே சொல்றேன்."

வீட்டுக்குப் போய் இதை அவர் சொன்னபோது நத்தையம்மா அடுக்களையில் கோஸ் இலை அலசிக்கொண்டிருந்தாள். கோபப்படுவாள் என்று பார்த்தார். அவள் இலையை உதறித் தட்டில் விரித்தாள்.

"எப்பங்க உங்க கையில மணல் கொட்டிச்சு?"

"கொட்டல."

"நான் எப்பங்க தடவினேன்?"

"தடவல."

"அப்புறம்?"

"வாயில வந்துடுச்சு. அவரு ஆஸ்பத்திரியப் பத்திப் பேசினாரு. எனக்குப் பதில் தெரியல."

"எனக்கும்தான் தெரியல" என்றாள் அவள். "அவர் கேட்டதுலருந்து நானும் யோசிச்சுக்கிட்டுதான் இருக்கேன். நத்தையா, கட்டிலான்னு கேட்டா நான் என்னன்னு சொல்லுவேன்? எனக்குத் தெரிஞ்சுக்கணும்போல இருக்கு, அவ்வளவுதான். அதச் சொன்னா சின்னப்புள்ளத்தனமா இருக்கு."

கூடத்திலிருந்து பெரியவர் குரல் கொடுத்தார். "அவன் சொன்னதுல என்னம்மா தப்பு? டிவியப் போட்டா நத்தைக் க்ரீம் விக்கிறான். ஊரே சொல்லுது."

"ஊர் சொல்லட்டும் மாமா. நான் பாக்கலையே."

"நல்லது பண்ணுமா பண்ணாதா?"

"தெரியாது மாமா. பண்ணினாலும் பண்ணும்."

'பண்ணினாலும் பண்ணும்' என்பதைக் கண்ணாடிக்காரர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். வேறொருத்தனாக இருந்தால் எப்படிச் சமாளிப்பது என்று யோசித்திருப்பான். தழும்பு மறைந்த கதையை இன்னும் கொஞ்சம் மெருகேற்றியிருப்பான். இவர் அந்த வீட்டில் வருஷக்கணக்காக மண் வாரியவராயிற்றே. பொய்யை மெய்யாக்கிவிட்டால் போச்சு என்று நினைத்தார். மறுநாள் காய்கறிக்கடைப் பின்பக்கத்து ஈரத்திலிருந்து சாதாரண நத்தை இரண்டைப் பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனார். ஷட்டரைப் பாதி இறக்கினார். மணல் அள்ளுகிற கரண்டியைச் சட்டிக்குள்ளேயே புதைத்துச் சூடேற்றி, இடது முன்கையில் ஒன்று மேலே, ஒன்று கீழே என்று இரண்டு இடத்தில் வைத்தார். மேலே சுட்ட இடத்தில் வெறும் தண்ணீர். கீழே நத்தைக் கொழகொழப்பு. இரண்டுக்கும் ஒரே துணியில் கிழித்த கட்டு. வலியில் கண் இருட்டிக்கொண்டு வந்தபோதும் சோடி வைக்க மறக்கவில்லை. புத்தி கெட்டவன் என்பதா, நல்ல மாணாக்கன் என்பதா, சொல்லத் தெரியவில்லை.

கடும் வெயில் காலத்தில் முழுக்கைச் சட்டை எத்தனை நாளைக்குத் தாங்கும்? பெரியவர்தான் முதலில் பிடித்தார். "என்னடா இது, மாப்பிள்ளை மாதிரி முழுக்கை?" என்று சட்டைக் கையைத் தூக்கினவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நத்தையம்மா ஈரக்கையோடு ஓடி வந்தாள். கட்டைப் பார்த்தாள். இரண்டு கட்டு இருப்பதைப் பார்த்தாள். அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அறிவிருக்கா உங்களுக்கு?"

"சோடி வச்சுதான் பண்ணேன்."

"யாரு உங்களப் பண்ணச் சொன்னா? கைங்க இது, பெட்டியா?" அவரை ஜன்னல் பக்கம் இழுத்துப் போய் உட்கார வைத்தாள். அவர் வாயைத் திறக்கப் போனார். "சொல்லாதீங்க. எதுல எதுன்னு சொல்லாதீங்க."

கட்டை அவிழ்த்தாள். லென்ஸை எடுத்து வந்து நத்தையைப் பார்ப்பதுபோலவே மேலே கொஞ்ச நேரம், கீழே கொஞ்ச நேரம் பார்த்தாள். பெரியவர் பக்கத்தில் நின்றார். கண்ணாடிக்காரருக்குத் தெரியும். இரண்டு நாளாகக் கீழே விண்விண் என்று தெறிக்கிறது. தெரிந்தும், அவள் வேறு என்னவாவது சொல்லிவிட மாட்டாளா என்று இருந்தது.

"மேல இருக்கறது ஆறிக்கிட்டு வருது. கீழ சீழ் கோத்திருக்கு."

"மேல தண்ணி" என்றார் கண்ணாடிக்காரர்.

"போச்சா" என்றார் பெரியவர்.

"அதுவும் சொல்ல முடியாது மாமா. ஒரு கை, ரெண்டு புண்ணு. சுவத்துல கெடந்த நத்தை, என்ன அழுக்கோ என்னவோ. இத வச்சு மருந்துன்னும் சொல்ல முடியாது, மருந்து இல்லன்னும் சொல்ல முடியாது."

"அப்ப எதுக்கும்மா இவன் சுட்டுக்கிட்டான்?"

அவள் வெந்நீர் வைத்து, பஞ்சு நனைத்து, சீழைத் துடைத்தாள். துடைத்து முடித்த பிறகும் அந்தக் கையைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்காரருக்கு அன்று அவ்வளவு வலியிலும் ஒரு நிம்மதி இருந்தது.

குழு வந்த அன்று அவரும் போனார். கையில் பெரிய கட்டு. பெட்டிகளுக்கு நடுவே ஐந்தாறு பேர் நின்றார்கள். வெயிலிலிருந்து வந்தவர்கள் அந்தக் குளிர்ச்சியில் ஆசுவாசமாகச் சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டார்கள். பம்புக்காரர் இவரைப் பார்த்ததும், "வாங்க, இவர்தான் நான் சொன்னவர். என்னங்க கட்டு?" என்றார்.

நத்தையம்மா முந்திக்கொண்டாள். "அவர் சொன்னது நடக்கலைங்க. எனக்காகச் சொல்லிட்டாரு. தப்புதான், மன்னிச்சுக்குங்க."

பம்புக்காரர் முகம் வாடிப்போனது. மற்றவர்கள் பெட்டியைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டார்கள். ஆனால் அவர் சுலபத்தில் விடுகிறவர் இல்லை.

"அப்ப அந்தக் கொழகொழப்புல ஒண்ணுமே இல்லையா?"

"தெரியாதுங்க."

"தெரியலேன்னா தெரிஞ்சுக்கலாமே?" என்றார். மறுபடியும் அந்த வெளிச்சம் வந்துவிட்டது. "இதத்தாங்க நான் முதல்லருந்து சொல்றேன். தீப்புண்ணுக்கு ஆகுமா ஆகாதா, அதப் பாருங்க. இந்த ரூமு இருக்கட்டும். ஏசி இருக்கட்டும். கூட ஒரு ஆளும் தர்றேன். ஆகலேன்னா ஆகலேன்னு சொல்லுங்க, நான் ஒத்துக்கறேன்."

கண்ணாடிக்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. சுட்டுக்கொண்டதும் வீண் போகவில்லை, ரூமும் தப்பித்தது என்று மனசுக்குள் குதித்தார். அப்போது குழுவில் இருந்த ஒரு அம்மாள், பெட்டிக்குள் எட்டிப் பார்த்தபடி சாதாரணமாக ஒன்று கேட்டாள்.

"அதுக்கு இந்த இடப்பக்க நத்தைதான் வேணுமா, சாதா நத்தையே போதுமா?"

ஒரே ஒரு சொல். 'வேணும்' என்றால் முடிந்தது. இதில் இருக்கிறது, அதில் இல்லை என்று எதையாவது சொல்லி வைத்தால் யாருக்குத் தெரியப்போகிறது? கண்ணாடிக்காரர் மனைவியின் முகத்தையே பார்த்தார். சொல்லிடு, ஒரு தடவை சொல்லிடு என்று கண்ணாலேயே கெஞ்சினார். அவள் அவரைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான் சொன்னாள்.

"சாதா நத்தையே போதுங்க."

"அப்ப இந்தப் பெட்டி எல்லாம்?" என்றாள் அந்த அம்மாள்.

"இதுங்க ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டுமே" என்றாள். அவள் குரல் அவ்வளவு தாழ்ந்து கண்ணாடிக்காரர் கேட்டதில்லை. "நான் தீப்புண்ணு வேலையையும் பாக்கறேன்."

பம்புக்காரர் யோசித்தார். கடுமையாகப் பேசவில்லை. "ஓரமா வச்சா உங்க மனசு ஓரத்துலதானம்மா இருக்கும்? உண்மையச் சொல்லுங்க."

அவள் உண்மையைச் சொன்னாள். "ஆமாங்க."

அவ்வளவுதான் கதை. அறை தீப்புண் ஆராய்ச்சிக்குப் போனது. அதற்கு ஓர் இளைஞனைப் போட்டார்கள். அந்த அறையில் வேறு எதுவும் இருக்கக் கூடாது என்று எழுதியே வைத்துவிட்டார்கள். நத்தையம்மாவை மண் பரிசோதனைக்கு மாற்றினார்கள். வயல்காரர்கள் பொட்டலம் கட்டிக்கொண்டுவரும் மண்ணைக் கரைத்து, வடிகட்டி, எந்த உரம் எவ்வளவு போட வேண்டும் என்று சொல்கிற வேலை. நல்ல வேலை. அதை யாரும் எதுக்கு என்று கேட்கப் போவதில்லை.

பெட்டிகள் வீட்டுக்கு வந்தன. கோடை உச்சம். வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் பெரியவர் படுக்கிற ஜன்னலோரம். அவர் தன் கட்டிலைத் தூக்கிச் சமையலறை வாசலில் போட்டுக்கொண்டார். "நாற்பது வருஷம் எஞ்சின் மேல உக்காந்தவன், எனக்கு என்ன சூடு?" என்றார். மேசை விசிறியையும் பெட்டிப் பக்கம் திருப்பி வைத்தார். ஈரச்சாக்கு போட்டார்கள். மீன்கடையிலிருந்து ஐஸ் வாங்கி வந்து பெட்டிகளுக்கு நடுவே தட்டில் வைத்தார்கள். கண்ணாடிக்காரர் மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு ஓடி வந்து சாக்கை நனைப்பார். கரண்ட் போனால் பெரியவர் அட்டையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். நத்தையம்மா மண் கரைத்த கையோடு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் பெட்டியைத் திறப்பாள்.

வெயில் தாங்காவிட்டால் நத்தை உள்ளே இழுத்துக்கொண்டு ஓட்டின் வாயை ஒரு சவ்வால் மூடிக்கொள்ளும். முதலில் ஒன்று மூடியது. பிறகு வரிசையாக மூடின. தூங்குகிறதா, செத்துவிட்டதா என்று வெளியிலிருந்து தெரியாது. நாற்றம் எடுத்தால்தான் தெரியும். அந்த வீட்டில் காலையில் எழுந்ததும் மூன்று பேரும் ஒருத்தருக்கொருத்தர் முகம் பார்க்காமல் முகர்ந்து பார்த்தார்கள். மண்ணுக்குள் இட்ட முட்டைகள் சுருங்கிப் போயின. கிழடுகள் முதலில் போயின, அப்புறம் குஞ்சுகள், கடைசியாக நடுவயசு.

"ஒண்ணு சொல்லட்டுமாம்மா" என்றார் பெரியவர் ஒருநாள். "தோட்டத்துல விட்டுட்டா என்ன? எங்கியாவது நெழல் பாத்துப் பொழச்சுக்குமே."

"பொழைக்கும் மாமா. பொழச்சு, ஒண்ணு இங்க, ஒண்ணு அங்கன்னு சுத்திக்கிட்டே இருக்கும். ஒண்ண ஒண்ணு கண்டுபிடிக்காது."

"அப்ப வேணாம்" என்றார் அவர்.

கடைசியாக இருந்தது செத்துக் கிடந்ததைப் பார்த்தவள் அவள்தான். பெட்டியை மூடி, மண்ணைக் கொண்டுபோய்ச் செடிக்குக் கொட்டி, பெட்டிகளைக் கழுவிக் கவிழ்த்தாள். அழவில்லை. அவள் அழுதிருந்தால் கண்ணாடிக்காரருக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும். "நான் வாயத் தொறக்காம இருந்திருந்தா?" என்று கேட்டார். "அப்பவும் மூடியிருப்பாங்க" என்றாள். அது உண்மையாகவும் இருக்கலாம், இவருக்காகச் சொன்னதாகவும் இருக்கலாம். ஆனால் அவளுக்குத்தான் பொய் வராதே என்று நினைத்து அவர் மனசைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தார். மறுநாள் சாப்பிட உட்கார்ந்தபோது பெரியவர் முட்டையை ஒதுக்கி வைத்தார். இனிமேல் வேண்டாம் என்றார்.

மழை அதற்கப்புறம் வந்தது. வந்த முதல் வாரத்திலேயே பம்புக்காரர் கடைக்கு வந்தார், பவர் கூடிவிட்டது என்று. கண்ணாடிக்காரர் புது லென்ஸைச் சாணைக்கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தார். வெளியே கொட்டுகிற மழையில் பம்புக்காரரால் கிளம்பவும் முடியவில்லை.

"வீட்டுல எப்படி இருக்காங்க? மண்ணு பிரிவுல ரொம்பத் திருத்தமா வேலை பாக்கறாங்களாம்."

"இருக்காங்க சார்."

"அந்தத் தீப்புண்ணு விஷயமும் ஒண்ணும் தேறலங்க. அந்தத் தம்பி வேற வேலை கெடச்சுப் போயிட்டாரு. ரூம்ல இப்ப பழைய நாற்காலி போட்டு வச்சிருக்காங்க."

கண்ணாடிக்காரர் சாணைக்கல்லை நிறுத்தவில்லை. நிறுத்தினால் ஏதாவது பேசிவிடுவோம் என்று பயம். பம்புக்காரர் எழுந்து வாசலுக்குப் போனார். நிலைப்படியில் மழைக்கு ஒரு நத்தை ஏறிக்கொண்டிருந்தது. பெரிய மனிதர், குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். கண்ணாடியைப் போட்டுப் பாருங்க என்று இவர் தேய்த்த லென்ஸைப் புது ஃபிரேமில் பொருத்திக் கொடுத்தார். அவர் அதை மாட்டிக்கொண்டு இன்னும் குனிந்தார்.

"இது எந்தப் பக்கங்க?"

"வலப்பக்கம் சார். வாய் வலப்பக்கம் இருக்கு பாருங்க."

"அவங்களோடது இதுக்கு நேர் எதிர்ப்பக்கமா?"

"ஆமா சார். அச்சா கண்ணாடியில பாத்த மாதிரி இருக்கும். உள்ள இருதயம்கூட மாறித்தான் இருக்கும்."

"இருதயம்கூடவா?" அவர் நத்தை மேலேயே கண்ணாக இருந்தார். மழைச் சாரல் முதுகை நனைப்பதுகூடத் தெரியவில்லை. "ஒரே சுவரு, ஒரே எலைதான தின்னுது? அப்புறம் ஏன் அது மட்டும் அப்படித் திரும்புது?"

கண்ணாடிக்காரர் இன்னும் சுற்றிக்கொண்டிருந்த சாணைக்கல்லை நிறுத்தினார். பம்புக்காரர் நிமிர்ந்து பார்த்து, நிஜமாகவே பதிலுக்குக் காத்திருந்தார்.

"தெரியலைங்க சார். அதத்தான் அவ பாத்துக்கிட்டிருந்தா. இன்னும் ரெண்டு தலைமுறை போனா தெரியும்னு சொன்னா."

"இப்ப?"

"இப்ப ஒண்ணும் இல்லைங்க. எல்லாம் போயிடுச்சு."

பம்புக்காரர் எழுந்து கைக்குட்டையால் நனைந்த கழுத்தைத் துடைத்தார். போகும்போது நத்தையை மிதித்துவிடாமல் படியைத் தாண்டிக் கால் வைத்தார்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காரும்வரை கண்ணாடிக்காரர் இதைச் சொல்வதா வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருந்தார். அவள் நகக்கண்ணில் இன்னும் யாரோ வயல்காரரின் மண் இருந்தது. சொல்லாமல் விட்டால் அதுவும் ஒரு பொய் என்று பட்டது.

"பம்புக்காரர் வந்தாரு. படியில ஒரு நத்தை இருந்துச்சு. அதப் பாத்துட்டு, உன்னோடது ஏன் அப்படித் திரும்புதுன்னு கேட்டாரு."

அவள் கை தட்டிலேயே நின்றது.

"என்னன்னு கேட்டாரு? அப்படியே சொல்லுங்க."

"ஒரே சுவரு, ஒரே எலைதான தின்னுது, அப்புறம் ஏன் அது மட்டும் அப்படித் திரும்புதுன்னு."

"அப்புறம் என்ன கேட்டாரு? இதால என்னன்னு கேட்டாரா?"

"இல்ல."

"வேற எதுக்காவது கேட்டாரா?"

"இல்லம்மா. சும்மாதான் கேட்டாரு."

"சும்மாவா கேட்டாரு" என்றாள் அவள். கோடை முழுக்க அழாதவள், சோற்றுக் கையை முகத்துக்குக் குறுக்கே வைத்துக்கொண்டு அழுதாள். பெரியவர் தன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போய் மழையைப் பார்த்து நின்றார். கண்ணாடிக்காரர் அவளுக்குத் தண்ணீர் ஊற்றி வைத்தார். அவள் அதைக் குடிக்கவில்லை.